வாய், தொண்டைப் புற்றுநோய் வார்டுக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பழக்குவது எப்படி

பேச்சு, கேட்புத் துறைக்கான நான்கு வருடப் பட்டப்படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவெண்ணோடு எங்கள் யூனிட்டுக்கு வருகிற பிள்ளைகளிடம், இதுவரை யாரையெல்லாம் பார்த்திருக்கிறாய் என்று கேட்பது என் வழக்கம். பேச்சு தாமதமான குழந்தைகள், ஆட்டிசம், திக்குவாய், காது மிஷின் வைத்தவர்கள், பக்கவாதம் வந்த பெரியவர்கள் இரண்டொருவர். இதைத் தாண்டிப் பதில் வருவது அபூர்வம். நாக்கில் பாதி எடுத்தவரையோ, குரல்வளை போய்க் கழுத்து வழியாக மூச்சு விடுபவரையோ கிட்டத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. இன்டர்ன்ஷிப்புக்கும் வேலைக்கும் கிடைக்கிற இடங்கள் பெரும்பாலும் குழந்தைகள் மையங்கள்தான். ஆனால் இந்திய ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்கு. பாக்கு, புகையிலை, பீடி, சாராயம் எல்லாம் தெருமுனையிலேயே கிடைக்கிற நாட்டில் இந்தக் கூட்டம் குறையப்போவதும் இல்லை.

மதுரைப் பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நெடுங்காலமாக இந்த வேலை பார்க்கிறேன். ஜூனியர்களைப் பழக்குவதும் என் பொறுப்பு. ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு யூனிட் தொடங்க நினைக்கிற சீனியர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முறையில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு, அது வரிசை. முதலில் மூச்சு, அப்புறம் வாய், அப்புறம் விழுங்குவது, பேச்சு கடைசியில்தான். குழந்தைகளோடு பழகி வந்தவர்கள் பேச்சிலிருந்து ஆரம்பிக்கத் துடிப்பார்கள். விடாதீர்கள்.

முதல் வாரம் தெரபி கிடையாது

முதல் வாரம் ஜூனியர் யாருக்கும் எந்தப் பயிற்சியும் சொல்லித் தர வேண்டாம். சர்ஜன் ரவுண்ட்ஸ் போகும்போது பின்னால் போகட்டும். டிரெஸ்ஸிங் ரூமில் சிஸ்டர் பக்கத்தில் நிற்கட்டும். பல் டாக்டர் அறையில் உட்கார்ந்து, ரேடியேஷனுக்கு முன்பே கெட்ட பற்களை ஏன் பிடுங்குகிறார்கள், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஏன் ஆறாமல் போகிறது என்று அவரிடமே கேட்கட்டும். மோல்டு ரூமுக்கும் கட்டாயம் அனுப்புங்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் இழுத்துப் பிடித்து முகமூடி செய்வார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் அதை மேஜையோடு பூட்டித்தான், நம் ஊர்க்காரர்கள் சொல்வதுபோல, 'கரண்ட்' (ரேடியேஷன்தான்) வைப்பார்கள். எச்சிலைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அதற்குள் மல்லாந்து கிடப்பவரைப் பார்த்த பெண், அடுத்த வாரம், "ஏண்ணே எக்சர்சைஸ் பண்ணல?" என்று அதட்ட மாட்டாள்.

இந்த வார்டில் வாடை உண்டு, முகம் மாறிப்போனவர்கள் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "பழகிடும்" என்று விட்டுவிடுவது பயிற்சி அல்ல. குறிப்பாக ஃப்ளாப். வாய்க்குள் எடுத்த இடத்தை மூட முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ தோலும் சதையும் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். மார்பிலிருந்து வந்த தோலில் முடி இருந்தால் வாய்க்குள்ளும் முடி வளரும். டார்ச் அடித்ததும் உள்ளே கறுப்பு முடி தெரிந்தால் ஜூனியரின் முகம் ஒரு கணம் சுருங்கும். நோயாளியின் கண் அப்போது டார்ச்சில் இருக்காது, அவள் முகத்தில்தான் இருக்கும். அதனால் முதலில் படத்தில் காட்டுங்கள், பிறகு உங்கள் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டுங்கள், தனியாகப் பார்ப்பது அப்புறம்.

ஃப்ளாப்பைப் பற்றி அவள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. அதற்குச் சுவை தெரியாது, தானாக அசையாது, உணர்ச்சியும் இருக்காது. அதன்மேல் சோறு தங்கியிருந்தால் சாப்பிட்டவருக்கே தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியில் பார்த்து வாயைக் கழுவச் சொல்லித் தருவது அந்த அறிவிலிருந்துதான் வர வேண்டும், பட்டியலில் ஒரு வரியாக அல்ல.

கழுத்தில் ஓட்டை இரண்டு வகை

இங்கேதான் உயிர் போகும், இங்கேதான் நான் கறார். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் வைப்பது டிரக்கியாஸ்டமி. அது போட்டவருக்கு மேல்வழி இன்னும் இருக்கிறது. மூக்கும் வாயும் குரல்வளையும் மூச்சுக்குழாயோடு சேர்ந்தே இருக்கின்றன. டோட்டல் லாரிஞ்செக்டமி ஆனவருக்கு அந்த வழியே கிடையாது. குரல்வளையை எடுத்துவிட்டு மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்துத் தோலோடு தைத்திருப்பார்கள். அவருக்கு மூச்சுத் திணறினால் மூக்கில் மாஸ்க் வைத்துப் பயனில்லை, கழுத்து ஓட்டைக்குத்தான் ஆக்ஸிஜன் போக வேண்டும். வெளியூரில் ஆம்புலன்ஸில் ஏற்றினால் அங்கே இருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். அதனால் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள, "நான் கழுத்து வழியாக மட்டும் மூச்சு விடுகிறேன்" என்று தமிழில் ஒரு அட்டை எழுதிக் கொடுக்கும் வேலையையும் ஜூனியரிடமே விடுங்கள்.

சோதனை எளிது. இரண்டு கழுத்துகளையும் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாற்போல் படம் வரைந்து, காற்று போகும் வழி, சோறு போகும் வழி இரண்டையும் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்வேன், புத்தகம் பார்க்காமல். வரையத் தெரியாதவருக்கு ஸ்டோமா (கழுத்து ஓட்டை) பக்கம் கை வைக்க அனுமதி இல்லை. பிரிட்டனில் டிரக்கியாஸ்டமிக்குப் பச்சை, லாரிஞ்செக்டமிக்குச் சிவப்பு என்று கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டுவார்கள். நாங்களும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

அடுத்தது டிரக்கியாஸ்டமி ட்யூபில் மாட்டும் ஸ்பீக்கிங் வால்வ். அது ஒருவழிக் கதவு: மூச்சு உள்ளே வரும், அதே வழியில் வெளியே போகாது, குரல்வளை வழியாக மேலேதான் போக வேண்டும். ட்யூபைச் சுற்றியுள்ள பலூன் (கஃப்) ஊதியிருக்கும்போது வால்வை மாட்டினால் மேலேயும் வழியில்லை, வெளியேயும் வழியில்லை. இதை வாயால் நூறு தடவை சொல்வதைவிட, முனை வெட்டிய பெரிய சிரிஞ்சுக்குள் பழைய ட்யூப் ஒன்றை நுழைத்துக் கஃப்பை ஊதிக் காட்டுங்கள். சுற்றிலும் அடைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. கஃப் காற்றை இறக்கி, சக்ஷன் போட்டுச் சளியை உறிஞ்சி, கையுறை போட்ட விரலால் ஒரு கணம் மூடிப் பார்த்து, மேலே மூச்சு வருகிறதா என்று தெரிந்த பிறகே வால்வ். கஃப் ஊதியிருக்கிறதா என்று வெளியே காட்டும் குட்டி பைலட் பலூனைத் தொட்டுப் பார்க்காமல் வால்வைப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது.

ரத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேடியேஷன் வாங்கிய கழுத்தில் புண்ணோ எச்சில் கசிவோ இருந்து, கொஞ்சமே கொஞ்சம் புது ரத்தம் வந்து தானாக நின்றுவிட்டால், "நின்னுருச்சே" என்று தொடரக் கூடாது. பெரிய ரத்தக்குழாய் உடைவதற்கு முந்தைய எச்சரிக்கையாக அது இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த நிமிடமே சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

வாய் எவ்வளவு திறக்கிறது

ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேல் ஜூனியரின் கோட் பையில் எப்போதும் இருக்க வேண்டும். மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதட்டும். பல் இல்லாதவருக்கு ஈறிலிருந்து ஈறுக்கு. 35 மி.மீட்டருக்குக் கீழே போனால் வாய் இறுகிவிட்டது என்று கணக்கு. ஸ்கேல் இல்லாத இடத்தில், நோயாளியின் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் வாய்க்குள் போகிறதா என்று பார்க்கலாம். அவர் விரல்கள், நம் விரல்கள் அல்ல.

பாக்கு போட்டவர்களில் பலருக்குப் புற்று வருவதற்கு முன்பே கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகியிருக்கும். சப்மியூகஸ் ஃபைப்ரோஸிஸ். அதன்மேல் ஆபரேஷன், அதன்மேல் ரேடியேஷன். ஆகவே சிகிச்சைக்கு முன்பே அளவெடுக்காவிட்டால் எது எதனால் இறுகியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. வாய் திறக்கும் கருவிகள் விலை உயர்ந்தவை. எங்களுக்கு ஐஸ் குச்சி போதுமானதாக இருக்கிறது. பற்களுக்கு நடுவே குச்சிகளை அடுக்கிச் செருகி, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, முடிந்தால் இன்னொரு குச்சி. எத்தனை குச்சி என்று வீட்டம்மா காலண்டரில் எழுதிவைப்பார். ஆடுகிற பல்லில் முட்டுக்கொடுக்கக் கூடாது, புது ஃப்ளாப் இருந்தால் சர்ஜனைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது.

கரண்ட் வைக்கும் ஆறேழு வாரம்

சிகிச்சை தொடங்குவதற்கு முன் நம்மிடம் வராத நோயாளியைப் பிறகு பிடிப்பது கஷ்டம். டாக்டர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் ட்யூமர் போர்டு கூட்டத்தில் ஜூனியரை உட்கார வையுங்கள். "வாய் அல்லது தொண்டை" என்று காதில் விழுந்ததும் பெயரை எழுதிக்கொண்டு, அன்றைக்கே போய்ப் பார்ப்பது அவள் வேலை. எடை, வாய் திறப்பு, வீட்டில் என்ன சாப்பிடுகிறார், 100 மி.லி. தண்ணீரை எத்தனை மிடறில் எவ்வளவு நேரத்தில் குடிக்கிறார், இவ்வளவையும் குறிக்கட்டும். குரல்வளை எடுக்கப்போகிறவரானால் அவர் சம்மதத்தோடு குரலைப் பதிந்து குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவரை அவர் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசச் சொன்னால் நன்றாகப் பேசுவார். அந்தப் பதிவு நமக்காக அல்ல.

வழக்கமாக ரேடியேஷன் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சின் அளவு) வரை, வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம் போகும். இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகும், எச்சில் பசைபோல் திரண்டுகொள்ளும், உப்பும் புளியும் எரியும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இது ஏறத்தான் செய்யும், "முடிஞ்சா சரியாயிரும்" என்று எண்ணியிருந்த குடும்பம் அப்போதுதான் உடைந்துபோகும். இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது ஜூனியரின் பொறுப்பு. இந்த வாரங்களில் விழுங்குவதை விட்டுவிட்டால் தொண்டைத் தசைகள் தளர்ந்து, பிறகு நார்போல் இறுகிவிடும். மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு போகும் ரைல்ஸ் ட்யூப் போட்டிருந்தாலும், பாதுகாப்பாக விழுங்க முடிகிறவரை ஒரு நாளைக்குச் சில வாயாவது வாயால் போக வேண்டும் என்பதுதான் நாம் பிடித்துத் தொங்க வேண்டிய விஷயம்.

பயிற்சிகளின் ஆங்கிலப் பெயர் ஜூனியருக்குத் தெரிந்தால் போதும், நோயாளிக்குச் சொல்லக் கூடாது. "தொண்டையில பெரிய மாத்திரை நிக்கிது, அதைத் தள்ளி முழுங்குங்க" என்றால் எஃபர்ட்ஃபுல் ஸ்வாலோ வந்துவிடும். மெண்டல்சனுக்கு, அவர் விரலையே குரல்வளை மேட்டில் வைத்து, "முழுங்கும்போது மேல ஏறுதுல்ல, அங்கயே நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். மசாக்கோவில் நாக்கு நுனியை முன்பற்களால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு எச்சிலை மட்டும் விழுங்குவது. சோறு, தண்ணீர் எதோடும் செய்யக் கூடாது, புரையேறும். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும் ஷேக்கர் பயிற்சியை டிரக்கியாஸ்டமி உள்ளவருக்கும் கழுத்தில் புது ஆபரேஷன் ஆனவருக்கும் தராதீர்கள். கழுத்து ஆறியபின் தாடைக்கடியில் சின்ன ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொல்லலாம்.

இந்தப் பயிற்சி அட்டவணையை ஜூனியரே ஒரு வாரம் முழுதாகச் செய்து, கட்டத்தில் டிக் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்பது என் விதி. வாயில் புண் இல்லாத, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வந்தவளை இன்னும் பார்க்கவில்லை (போட்டு வந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்). அதற்குப் பிறகு அவர்களே அட்டவணையைச் சுருக்குகிறார்கள், வலி மாத்திரை போட்ட அரைமணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சி நேரத்தை வைக்கிறார்கள். வாயை மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவியவுடனே சாப்பிடக் கொடுப்பது ஆபத்து என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள். தொண்டையும் மரத்திருக்கும்.

ரசம் சாதமும் பத்து மில்லி சிரிஞ்சும்

உடம்பு சரியில்லாதவருக்கு நம் வீடுகளில் முதலில் கொடுப்பது ரசம் சாதம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதைவிட மோசமான சாப்பாடு குறைவு. ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், சோறு நாக்கிலேயே நிற்கும். சோற்றை மென்று தள்ளுவதற்குள் ரசம் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். வழுக்கையோடு இளநீர், பாலில் ஊறிய பிரெட், காய்த்துண்டு போட்ட சூப் எல்லாம் இதே ரகம். ஐஸ்கிரீம் கெட்டி என்று நினைப்பார்கள், வாயில் போனதும் தண்ணீர்.

ஜூனியரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் பழக்க வேண்டிய பாடம் இது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலகப் பொது அளவுமுறை, விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கான உணவையும் பானத்தையும் கெட்டித்தன்மையை வைத்து 0 முதல் 7 வரை பிரிக்கிறது. குடிக்கிற ரகங்களைச் சோதிக்க லேப் வேண்டாம், 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும். ஆனால் கடையில் கிடைக்கிற எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை. 0-விலிருந்து 10 வரையான கோடு 61.5 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பிஸ்டனை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை ஊற்றி, விரலை எடுத்து, பத்து விநாடி கழித்து மறுபடி அடைக்க வேண்டும். மிச்சம் 1 மி.லிக்குக் குறைவென்றால் அது தண்ணீர் ரகம், 0. ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே என்றால் 1. நான்கிலிருந்து எட்டுக்குள் 2. எட்டுக்கு மேல் நின்றால் 3. ஒரு சொட்டும் இறங்காமல் நின்றால் 4, அதைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தும் பார்க்க வேண்டும். ஒரே கட்டியாக விழ வேண்டும், கரண்டியில் பசைபோல் ஒட்டக் கூடாது.

மோர், வடிகட்டிய ரசம், பால், அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணி எல்லாவற்றையும் அவளே ஊற்றிப் பார்க்கட்டும். அப்போதுதான் இரண்டு விஷயம் கையில் படும். சூடாக இருக்கும்போது 2-ஆக இருந்த கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் 3-ஐத் தாண்டும். ஆகவே சாப்பிடுகிற சூட்டில்தான் சோதிக்க வேண்டும். இன்னொன்று, மாவுப்பொருளால் கெட்டியான கஞ்சி எச்சில் பட்டதும் நீர்த்துப்போகும். ஒரே கரண்டியை வாயிலும் கிண்ணத்திலும் மாற்றி மாற்றிப் போட்டால் கடைசிக் கரண்டி முதல் கரண்டியாக இருக்காது. குழைய மசித்த தயிர் சாதம் பாதுகாப்பு என்று எல்லோரும் எண்ணுவார்கள். எச்சில் வற்றிய வாயில் அது மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். மோர் விட்டு மிக்ஸியில் அடித்து, சிரிஞ்சில் ஊற்றிப் பார்த்துச் சொல்லட்டும்.

புரையேறினால் இருமுவார்கள் என்ற நம்பிக்கையை முதல் மாதத்திலேயே உடைத்துவிடுங்கள். ரேடியேஷன் வாங்கிய தொண்டைக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், நுரையீரலுக்குள் போனாலும் பலருக்கு இருமல் வராது. படுக்கை பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதால் மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரும் காட்டிக்கொடுக்காது. மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டு விழுங்குவதைப் பார்க்கும் ஃபீஸ் (FEES) சோதனை வேண்டும், அல்லது பேரியம் கலந்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோ. ஃபீஸ் முறையை 1988-இல் எழுதிவைத்த சூசன் லாங்மோர் நம் துறைக்காரர் என்று ஜூனியர்களுக்குச் சொல்வேன், சர்ஜன் வேலை என்று ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதற்காக. பச்சைக் கலர் சேர்த்த பால் எங்கே தேங்குகிறது, குரல்நாணுக்குக் கீழே எப்போது போகிறது என்று பழைய வீடியோக்களை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்து, புரையேறுவதை அளக்கும், எட்டுப் படி கொண்ட ரோசன்பெக் அளவில் அவளை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நீங்களும் தனியாகப் போடுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகத் தொடங்கினால் அவள் தயாராகிவிட்டாள்.

அதற்குப் பிறகு வருவதுதான் கடினம்: "வாயால் கொடுக்க வேண்டாம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "இன்னைக்கு ஓரல் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இருபத்திரண்டு வயதுப் பெண் அவருக்கு ஃபோன் போட்டு மறுத்துச் சொல்ல வேண்டும். வசனத்தையே பழக்கிக் கொடுங்கள்: "சார், பன்னிரண்டாம் பெட். இன்னைக்கு ஃபீஸ்ல அஞ்சு மில்லி தண்ணிக்கே கீழ போகுது, இருமல் வரல. லெவல் ரெண்டு, தலையைக் குனிஞ்சு குடிச்சா சுத்தமா போகுது. தண்ணி நிறுத்திட்டு அதை மட்டும் தொடங்கலாமா சார்?" எது கூடாது என்பதோடு எது முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எந்த சர்ஜனும் கேட்பார். "ரிஸ்க்கா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை.

பேச்சு

இப்போது பேச்சு. நாக்கில் முன்பாதி போனவருக்கு ட, ண, ள, ழ நான்கும் தடுமாறும். ப, ம, வ நன்றாக இருக்கும். நாக்கின் பின்பகுதி போனால் க, ங. கீழுதடு போனால் ப-வே தப்பும். மேலண்ணத்தில் ஓட்டை விழுந்தவருக்கு எல்லாம் மூக்கால் வரும், 'பாப்பா' 'மாம்மா'வாகக் கேட்கும். அவருக்குப் பயிற்சி கொடுத்து நேரத்தை வீணாக்காமல் பல் டாக்டரிடம் அனுப்பி ஓட்டையை மூடும் தட்டு செய்து வாங்க வேண்டும்.

ழகரத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. நல்ல நாக்கு உள்ள பாதித் தமிழ்நாடே 'பளம்' என்று சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. நோயாளிக்கு அன்றாடம் எது தேவையோ அதை எடுங்கள். பஸ்ஸில் "ஒரு திருமங்கலம்" என்று கேட்டு டிக்கெட் வாங்க வேண்டும், பேரன் பேரைக் கூப்பிட வேண்டும், ஃபோன் நம்பர் சொல்ல வேண்டும். நம்பரில் ஒரு வம்பு உண்டு. நாக்கு குறைந்தவர் சொன்னால் ஏழும் எட்டும் ஒன்றுபோலவே கேட்கும். ழு-வையும் ட்டு-வையும் திருத்த முயல்வதைவிட, முதல் எழுத்தைப் பிடியுங்கள். 'ஏ'யை நன்றாக இழுத்து ஏஏழு. 'எ'யை வெட்டி எட்டு. நாக்கு போனாலும் குறிலும் நெடிலும் போவதில்லை. ஜூனியர் இதைக் கண்ணை மூடிக் கேட்டுச் சோதிக்கட்டும். வாயைப் பார்த்தால் நாமே ஊகித்துக்கொள்வோம், கடைக்காரர் அப்படி ஊகிக்க மாட்டார்.

குரல்வளை எடுத்தவருக்கு மூன்று வழி. கழுத்திலோ கன்னத்திலோ வைத்துப் பேசும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி முதலாவது. அது எல்லா எழுத்துக்கும் ஒரே ரீங்காரத்தைக் கொடுப்பதால் ஆங்கிலத்தில் p, b இரண்டும் ஒன்றாகக் கேட்டுப் படுகிற சங்கடம் தமிழில் குறைவு. ஒரே 'ப'தானே நமக்கு. இரண்டாவது, உணவுக்குழாயில் காற்றை வாங்கிப் பேசுவது. ப, த, க-வில் தொடங்கும் சொற்கள் காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும் என்பதால் பாப்பா, தாத்தா, காக்கா என்று ஆரம்பிக்கலாம். பெரியவர்களுக்கு இது கூச்சம், அதனால் பாட்டு, தட்டு, கட்டு. மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே வைக்கும் வால்வ். 1980-இல் அதைக் கொண்டுவந்த இருவரில் சிங்கர் சர்ஜன், ப்ளோம் ஸ்பீச் பெத்தாலஜிஸ்ட். வெளிநாட்டு வால்வ் விலை அதிகம், சில மாதங்களில் மாற்றவும் வேண்டும். பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் 50 ரூபாய்க்கு ஒன்று செய்து காட்டியதை ஜூனியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வால்வ் கசிகிறதா என்று பார்க்கக் கலர் தண்ணீரை ஒரு மிடறு குடிக்கச் சொல்லி, டார்ச் அடித்து ஸ்டோமாவுக்குள் பார்க்க வேண்டும். நடுவில் சொட்டினால் வால்வ் பழுது, ஓரத்தில் சொட்டினால் துளை பெரிதாகிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பேச்சோடு நின்றுவிடாமல், குரல்வளை எடுத்தவர் வீட்டுக்குப் போகுமுன் அவருக்குச் சொல்ல வேண்டியவை: கம்மாயில் இறங்கிக் குளிக்கக் கூடாது. வயலுக்குப் போனால் கழுத்தில் மெல்லிய பருத்தித் துணி. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது, ஆகவே அடுப்படியில் அவரைத் தனியே நம்பக் கூடாது. உதட்டை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் தாடையை இறக்கப் பழகினால் வாசனை கொஞ்சம் திரும்பும். மல்லிகைப் பூவை வைத்துப் பழக்கலாம்.

"அவருக்குத் தெரியாது மேடம்"

குடும்பத்தார் ஜூனியரைத் தாழ்வாரத்தில் மடக்கி, "வெறும் வாய்ப்புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம், நீங்க எதுவும் சொல்லிறாதீங்க" என்பார்கள். பொய் சொல்ல ஒப்புக்கொள்ளவும் கூடாது, படுக்கையில் போய்ப் போட்டு உடைக்கவும் கூடாது. "நானா எதுவும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா அய்யாவே கேட்டா இல்லைன்னு சொல்ல என்னால முடியாது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்" என்ற பதிலைப் பழக்கியிருக்கிறேன். குரல் போகும் ஆபரேஷனுக்கு இது பொருந்தாது. குரல் போகப்போகிறது என்று தெரியாமல் ஒருவரை மேஜையில் ஏற்றுவதற்கு நம் யூனிட் உடன்படாது என்று சர்ஜனிடம் முன்பே பேசிவைத்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

ஜூனியர் தயார் என்று கையெழுத்துப் போட்டுத் தனியாக விட எத்தனை மாதம் என்று கேட்பார்கள். மாதக் கணக்கில் நான் விடுவதில்லை. கழுத்துப் படம், கஃப் சோதனை, சிரிஞ்சுச் சோதனை, ஃபீஸ் மதிப்பெண், சர்ஜனுக்கு ஃபோன், வீட்டம்மாவுக்குச் சமையல் சொல்லித் தருவது ஆகியவற்றை ஒவ்வொன்றாக என் முன்னால் செய்து காட்ட வேண்டும். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு ஃபோன் மட்டும் வரவே வராது. அவர்களோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

அதோடு ஆளுக்கு ஒரு ரெஜிஸ்டர் கொடுங்கள், நூறு பக்க நோட்டு போதும். ரேடியேஷனால் வரும் இறுக்கம் வருஷக்கணக்கில் கழித்தும் வரும். அப்போது நோயாளி நம்மிடம் வர மாட்டார், ஊரில் யாரிடமாவது நிமோனியாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார். பெயர், ஃபோன் எடுக்கிறவர் யார், எடை, வாய் திறப்பு, இப்போது என்ன சாப்பிடுகிறார், காய்ச்சல் வந்ததா என்று ஆறு பத்திகள். மூன்று மாதத்துக்கு ஒரு ஃபோன். பெரும்பாலும் மகளோ மருமகளோதான் எடுப்பார்கள். "நல்லா சாப்பிடுறாரு" என்பதை அப்படியே எழுதக் கூடாது, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு சாப்பாட்டுக்கு அரைமணிக்கு மேல் என்றாலோ, எடை குறைந்தாலோ, காய்ச்சல் இரண்டு தடவை வந்திருந்தாலோ, அடுத்த ஓபி நாளுக்கே வரச் சொல்லிவிட்டு, ஃபீஸ் லிஸ்டில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.